கண்ட காட்சிகளும் எடுத்த படங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர்களும் பட்டதாரிகளும் நம்மிடையே பலர் இருக்க, பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங் கழிக்கும் எழுத்தனாகிய என்னை இம்மேடைக்கு அழைத்திருக்கின்றனர் செயற்குழுவினர். இலக்கியம் பேசும் ஆற்றல் எனக்கில்லை. ஆயினும் ஊர் பார்ப்பதிலும், பார்த்ததைப் பிறர்க்குச் சொல்வதிலும் எனக்குள்ள ஆசையை அவர்கள் அறிவார்கள். ஆகவே ‘கண்ட காட்சிகளும் எடுத்த படங்களும்’ என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் சொல்ல முன்வந்திருக்கிறேன்.

இந்த இடார்சிக் குடியிருப்பில் இப்போது படங்களுக்குப் பஞ்சமில்லை. முன்னாளில் ஒரு தெருவுக்கு ஒரு காமிரா இருந்தால் அதிகம். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படங்கள். சுருள் முடிந்து, கழுவி, அச்சிட்டு வருவதற்கு ஒரு வாரம் ஆகும். வந்த அன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையில் அண்டை அயலார் அனைவரும் கூடுவர். படம் கை மாறிக் கை மாறிச் செல்லும். “இது எந்தக் கோபுரம்?”, “இங்கே எப்படிப் போனீர்கள்?”, “சாப்பாடு கிடைத்ததா?” என்று கேள்விகள் எழும். இன்றோ ஆளுக்கொரு கைப்பேசி. ஒருவர் ஒரு நாள் வெளியூர் சென்று வந்தால் இருநூறு படங்கள் வாட்ஸாப் குழுவில் வந்து குவிகின்றன. எத்தனை படங்களை நாம் நின்று நோக்குகிறோம்? எவரேனும் ஒரு கேள்வி கேட்கிறோமா? படம் பெருகிவிட்டது, பார்வை சுருங்கிவிட்டது. இதுவே என் முதற் கவலை.

இரண்டாவது கவலை இன்னும் பெரிது. இரயில்வே ஊழியர்களாகிய நமக்கு அரசாங்கம் இலவசப் பாஸ் அளிக்கிறது. ஐந்தாண்டுப் பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு மூன்று செட். அவற்றை எங்கே செலவிடுகிறோம்? கோடை விடுமுறைக்கு ஊர். தங்கை திருமணத்திற்கு ஊர். குலதெய்வம் கோயிலுக்கு ஊர். இதைக் குறையாகக் கூறவில்லை. உற்றாரையும் பெற்றோரையும் காணாமல் இருக்க இயலுமா? ஆனால் முப்பது ஆண்டுகள் உப்பிட்டு வாழவைத்த இந்த மண்ணை நாம் ஒரு முறையேனும் கண் திறந்து பார்த்தோமா என்பதே என் கேள்வி.

நம் குடியிருப்பிலிருந்து பணி ஓய்வு பெற்றுச் சென்ற அன்பர் ஒருவரை வழியனுப்பச் சென்றிருந்தேன். சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. இங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள், “அப்பா, இவ்வளவு காலம் இருந்தும் சாஞ்சியைப் பார்க்காமலேயே போகிறோமே!” என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை; தார்ப்பாயின் கயிற்றை மீண்டும் ஒருமுறை இழுத்துக் கட்டினார். அந்தக் குழந்தைக்குத் தமிழ்நாடு விடுமுறைக்குச் செல்லும் இடம். பிறந்த மண்ணோ இரயில் ஜன்னலில் ஓடி மறைந்த இடம். இரண்டு ஊர்களையும் உடையவளாக இருக்க வேண்டியவள், இரண்டிலும் விருந்தாளியாகிவிட்டாள். இந்நிலை நம் பிள்ளைகளுக்கு நேரலாமா?

அன்பர்களே! நாம் எத்தகைய இடத்தில் வாழ்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இங்கிருந்து போபால் செல்லும் பாதையில், நர்மதைப் பாலத்தில் கைகூப்பிவிட்டு நம்மில் பலர் உறங்கிவிடுகிறோம். அதே பாதையில் 1957-ஆம் ஆண்டில் ஒரு மனிதர் போபாலுக்கு இரயிலில் சென்றுகொண்டிருந்தார். அவர் பெயர் விஷ்ணு ஸ்ரீதர் வாகண்கர். தொலைவில் தெரிந்த பாறைகளின் தோற்றம் அவர் கண்ணில் பட்டது. ஸ்பெயினிலும் பிரான்சிலும் தாம் கண்ட குகைப் பாறைகளை அவை நினைவூட்டின. பின்னர் அங்கே சென்று தேடினார். அவ்வாறு உலகறிய வெளிப்பட்டதே பீம்பேட்கா. எழுநூறுக்கும் மேற்பட்ட பாறைக் குடைவுகள். அவற்றுள் பலவற்றில் செந்நிறத்திலும் வெண்ணிறத்திலும் யானையும் காட்டெருமையும் மானும், வேட்டையாடுவோரும் ஆடுவோரும் தீட்டப்பட்டிருக்கின்றன. 1975-இல் வாகண்கருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2003-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து சென்ற இரயில் ஜன்னலேதான் அது. ஒருவர் மட்டும் பார்த்தார்! அதற்கு முன்பே அக்காட்டில் வாழ்ந்த பழங்குடி மக்கள் அவ்விடத்தை அறிந்திருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. ‘கண்டுபிடித்தேன்’ என்று நாம் சொல்லும் எதையும் நமக்கு முன்பே யாரோ ஒருவர் கண்டிருப்பார்.

போபாலுக்கு அருகே போஜ்பூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் பரமார மன்னன் போஜன் கட்டத் தொடங்கி, முடிவுறாமல் நின்றுபோன சிவன் கோயில் அங்கே உள்ளது. ஏழடிக்கு மேல் உயர்ந்த ஒரே கல்லாலான இலிங்கம், பெரிய பீடத்தின்மீது வீற்றிருக்கிறது. கோயிலின் பின்புறத்தில் பெருங் கற்களை மேலே ஏற்றுவதற்காக அமைத்த மண் சாரம் இன்றும் காணப்படுகிறது. சுற்றியுள்ள பாறைகளில் சிற்பிகள் கீறிய கட்டட வரைபடங்களும் இருக்கின்றன. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய நம் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல்லை நெடிய சாரம் அமைத்து ஏற்றினர் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தகைய சாரம் எப்படி இருக்கும் என்பதைத் தஞ்சையில் காண இயலாது, போஜ்பூரில் காணலாம். கட்டி முடித்த கோயில் கலையின் பெருமையைக் காட்டும். முடியாமல் நின்ற கோயிலோ வேலை செய்த முறையைக் காட்டும். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டையும் காண வேண்டாமா?

இனிச் சாஞ்சி. உங்கள் சட்டைப்பையில் 200 ரூபாய்த் தாள் இருந்தால் அதன் பின்புறத்தைப் பாருங்கள். சாஞ்சித் தூபி அங்கே இருக்கிறது. போபாலைத் தாண்டினால் இருப்புப் பாதையிலேயே அதற்குத் தனி நிலையம் உண்டு. அசோகர் காலத்தில் தோன்றி, பின்னோரால் விரிவாக்கப்பட்ட பெருந்தூபி அது. காடு மூடிக் கிடந்த அதனை 1818-இல் ஜெனரல் டெய்லர் என்பவர் கண்டார், செய்தி பரவியது. பரவியதன் முதற் பயன் என்ன தெரியுமா? புதையல் கிடைக்குமென்று எண்ணியவர்களும் ஆராய்கிறோம் என்று வந்தவர்களும் தோண்டித் தோண்டிச் சிதைத்தனர். 1822-இல் ஓர் அதிகாரி பெருந்தூபியையே ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டார். பின்னர் 1912 முதல் 1919 வரை சர் ஜான் மார்ஷல் அரும்பாடுபட்டுச் சீர்செய்தமையால் இன்று நாம் அதை முழு உருவில் காண்கிறோம். ஓர் அழகிய இடத்தின் செய்தியைப் பலருக்கும் பரப்பும் நாம் இந்த வரலாற்றை மனத்திற் கொள்ள வேண்டும். பொறுப்பின்றிப் பரப்பிய செய்தி, பரப்பாத செய்தியைவிடத் தீங்கு செய்யும்.

சாஞ்சியில் என் நெஞ்சைத் தொட்டது மற்றொன்று. அங்கே கல்லெங்கும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை மன்னர் பெயர்கள் அல்ல. துறவியர், பிக்குணிகள், வணிகர், நெசவாளர், இல்லறத்தார் எனப் பலர் ஆளுக்கொரு கல் தானமளித்துத் தம் பெயரைப் பொறித்தனர். தெற்குத் தோரணவாயிலின் சிற்ப வேலையை விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகள் செய்தனர் என்று எழுதியிருக்கிறது. தானம் செய்தோருள் அரசாங்க எழுத்தன் ஒருவனும் உண்டு! எழுத்தர் தொழில் செய்யும் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறென்ன? ஆனால் இந்நாளில் நம்மவர் எத்தனையோ கோட்டைச் சுவர்களிலும் கோயில் தூண்களிலும் ஆணியால் தம் பெயரைக் கீறி வைத்திருக்கின்றனர். அன்று கொடுத்தவர் பெயர் எழுதினார். இன்று கெடுப்பவர் பெயர் எழுதுகிறார். இந்த வேறுபாட்டைக் குழந்தைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

சாஞ்சிக்கு அருகிலுள்ள விதிசையில் ஒரு கல்தூண் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து கிரேக்க மன்னன் அனுப்பிய தூதன் ஹெலியோடோரஸ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாசுதேவனுக்கென்று நாட்டிய கருடத் தூண் அது. அயலூரிலிருந்து அலுவல் நிமித்தம் வந்தவன், வந்த ஊரின் தெய்வத்தை மதித்து ஒரு தூணை நாட்டிச் சென்றான். அலுவல் நிமித்தம் வந்து வாழும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா?

இனி, படம் எடுக்கும் முறை பற்றிச் சிறிது சொல்கிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். பளுவான கருவிகளைச் சுமந்து, வெயிலில் நின்று, ஒவ்வொரு படத்திற்கும் காத்திருந்து செய்த வேலை அது. அப்படத்தில் எங்கும் அவருடைய முகம் இல்லை. ஆயினும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. நாம் எடுக்கும் படங்களிலோ நம் முகம் முழுதும் இருக்கிறது. கோபுரம் காதுக்குப் பின்னே எட்டிப் பார்க்கிறது. குடும்பப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அந்த இடத்தை எடுங்கள். பிறகு அதன் முன் நின்று நம்மை எடுத்துக்கொள்வோம்.

எடுத்த படத்துடன் நான்கு வரி எழுதி வையுங்கள். எந்த இடம்? எந்த நாள்? எந்த நிலையத்தில் இறங்கி எப்படிச் சென்றோம்? என்ன செலவாயிற்று? இந்த நான்கும் இருந்தால் உங்கள் படம் அடுத்த குடும்பத்திற்கு வழிகாட்டியாகும். வண்டி நேரம், குடிநீர் கிடைக்கும் இடம், முதியோர் ஏறக்கூடிய படிகளா அல்லவா என்பவற்றையும் சேர்த்தால் இன்னும் நன்று. பெயரும் நாளும் இல்லாத படம், முகவரி இல்லாத கடிதத்தைப் போன்றது.

பாறை ஓவியங்களைத் தொடாதீர்கள். நிறம் துலங்க வேண்டுமென்று தண்ணீர் தெளிக்கவோ ஈரத் துணியால் துடைக்கவோ வேண்டாம். பல்லாயிரம் ஆண்டு நின்றது நம் ஒரு படத்துக்காக அழியலாகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்டவாளத்தில் நின்றும், ஓடும் வண்டியின் படியில் தொங்கியும், அருவியின் வழுக்குப் பாறையில் ஏறியும் படமெடுக்கும் பழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கிறது. இரயில்வே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். விரைந்து வரும் வண்டியை டிரைவர் நினைத்த இடத்தில் நிறுத்த இயலாது. பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் ஓடியே அது நிற்கும். அனுமதியின்றி இருப்புப் பாதையில் நுழைவது 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதத்தைக் கட்டிவிடலாம், போன உயிரை எந்தக் கவுண்டரில் கட்டி மீட்பது?

இறுதியாக, சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இம்மண்டபத்தில் ‘காட்சி மாலை’ ஒன்று நடத்துவோம். ஒரு மாதத்திற்கு ஒரு குடும்பம். பத்துப் படங்களுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு படத்தையும் பற்றித் தமிழில் பேச வேண்டும். பெரியவர்கள் அல்லர், பிள்ளைகளே பேசட்டும். தமிழில் பேசப் பொருளில்லாமையாலன்றோ நம் பிள்ளைகள் இந்தியில் பேசிக்கொள்கின்றனர்? தாம் கண்ட காட்சியைச் சொல்லத் தொடங்கினால் சொல் தானே வரும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டிமாரும், சமையலறையைவிட்டு வெளியே செல்ல வாய்ப்பில்லாத நம் தாய்மாரும் அன்று ஓர் ஊரைக் கண்டு திரும்புவர். அண்டை வீட்டு இந்தி, மராத்தி அன்பர்களையும் அழைப்போம். தஞ்சையையும் மாமல்லபுரத்தையும் அவர்களுக்குக் காட்டுவோம். அவர்கள் ஓங்காரேசுவரத்தையும் பச்மடியையும் நமக்குக் காட்டுவார்கள்.

முதல் மாலைக்கு எங்கள் வீட்டார் ஆதம்கட் குன்றின் படங்களுடன் வருகிறோம். நர்மதாபுரத்தில், நாம் காய்கறி வாங்கச் செல்லும் தொலைவில்தான் அந்தப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அடுத்த பாஸ் எழுதுமுன், மூன்றில் ஒன்றையேனும் இந்த மண்ணைக் காண ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!