மறதி நோயுற்ற பெரியோர்க்கு ஒரு வேலைக்கூடம்

மறதி நோயுற்ற பெரியோரைத் திண்ணையிலமர்த்தி, "ஒன்றுஞ் செய்யவேண்டாம்" என்கிறோம். அன்பினாற் சொல்வதே, ஆயினும் அவர்களைக் கழித்துவிட்டதாகவே முடிகிறது. நேற்றைய செய்தியை மறந்தாரிலும் பலருக்கு நெடுநாட் கைப்பழக்கம் நிலைத்திருக்கிறது. டோக்கியோ நகரத்தில் 2017ஆம் ஆண்டு இந்நோயுற்றோரே பரிமாறிய உணவுச்சாலைக்கு, பிழை நேருமென்றறிந்தே ஜனங்கள் உண்ணச் சென்றனர்.

நமது மண்டபத்தில் காலையில் இரண்டு மணி நேரம் பூத்தொடுத்தல், பயறு பொறுக்கல், துணி மடித்தல் முதலியன நடத்த உத்தேசித்துள்ளோம். ஒரு சமயத்தில் ஒரே வேலை. வாயாற் சொல்வதினும் செய்துகாட்டலே நலம். கடைக்கணக்கெழுதியவரிடம் பூக்கூடையை நீட்டலாகாது. அவர்க்குப் பழைய பேரேடே தகும். பூ விற்ற காசு தொடுத்தவர் கையிலேயே சேரவேண்டும். சங்க நிதிக்கென்கின்றனர் சில அங்கத்தினர், நாம் இசையோம்.

வீட்டில் இவ்வாறிருப்போரின் முன்னைத் தொழிலைச் செயலாளரிடம் எழுதிக் கொடுப்பீர்களாக.