இடம் கொடுத்தால் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் ஒன்று கேட்டார்: "சலுகையில் கல்லூரிக்குள் வந்த பிள்ளை, அங்கே தாக்குப்பிடிக்குமா?" அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

2020இல், நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன், நீட் எழுதி உள்ளே போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதல் கலந்தாய்விலேயே அந்த எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. கூலி வேலை செய்கிறவர் வீட்டிலிருந்து ஒரு டாக்டர்! சரி, அத்தோடு முடிந்ததா? இல்லை ஐயா. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், கட்டணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் சீட்டே வேண்டாமென்று திரும்பிப் போனார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆக, அந்தப் பிள்ளைகளைத் தடுத்தது தகுதிக் குறைவா, கையில் காசில்லாததா?

தகுதி, தகுதி என்கிறீர்கள். இவர்களும் நீட்டில் தேறித்தான் வருகிறார்கள். உள்ளே வந்தபின் இவர்களுக்கென்று தனி வினாத்தாள் கிடையாது. எல்லோரும் எழுதும் அதே பல்கலைக்கழகத் தேர்வு, அதே மதிப்பீடு.

"ஒதுக்கீட்டில் வந்தவன் என்ற முத்திரை மனத்தை உடைக்காதா?" என்றும் கேட்டீர்கள். உடைக்கும். மறுக்கவில்லை. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். விடுதியில்கூடத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதை அது பதிவு செய்திருக்கிறது. முத்திரை குத்துகிறவரை விட்டுவிட்டு, குத்துப்பட்ட பிள்ளையின் இடத்தைப் பறிக்கச் சொல்வது என்ன நியாயம்?

பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, முதல் வாரத்திலேயே ஆங்கில உடற்கூறியல் புத்தகத்தைத் திறக்கிறாள். வகுப்பில் புரியவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய் திறப்பதில்லை. இரவில் விடுதியில் அழுகிறாள். அவளுக்கு வேண்டியது இரக்கம் இல்லை. முதல் பருவத்தில் மாலை நேர மொழி வகுப்பு, சந்தேகம் கேட்க ஒரு சீனியர் அக்கா, புகார் சொன்னால் காதுகொடுக்கும் பேராசிரியர், உரிய நேரத்தில் கைக்கு வரும் உதவித்தொகை. இவற்றை அரைகுறையாக நடத்துகிற கல்லூரிகளைக் கண்டியுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கண்டிக்கிறேன். திட்டமே வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள்.