அசோகமித்திரனை இங்கிலீஷில் படிக்கலாமா?
(தொம்மலூர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ்ப் படிப்பகத்துக்கு இங்கிலீஷ் புத்தகம் எதற்கு என்று போன கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அசோகமித்திரனின் 'அப்பாவின் சிநேகிதர்' 1996இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற சிறுகதைத் தொகுதி. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அம்மையார் அதை இங்கிலீஷில் கொடுத்திருக்கிறார். அதை வாங்குவதா வேண்டாமா என்பதே பேச்சு.

அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தகப்பனார் நிஜாம் ரயில்வே ஊழியர். வீட்டில் தமிழ், வெளியே உருதும் தெலுங்கும். நம் தொம்மலூர்ப் பிள்ளைகளும் அப்படித்தானே வளர்கிறார்கள்! பிறகு சென்னைக்குப் போய் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். ஆர்ப்பாட்டமில்லாத எழுத்து, கோஷம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

'புலிக்கலைஞன்' என்ற அவர் கதையும் இங்கிலீஷுக்குப் போயிருக்கிறது. காதர் என்ற புலிவேஷக்காரர் ஸ்டூடியோவில் வேலை கேட்டு வருகிறார். அந்த அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறார். பிறகு அவருக்காக ஒரு வேஷம் யோசித்துக் கடிதம் போட்டால், ஆள் இல்லையென்று கடிதம் திரும்பி வருகிறது. குடிசை மாறி மாறி, ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் அலையும் நமக்கு அந்தக் கடிதத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காதர் தன் தொழிலை ஓர் இங்கிலீஷ் வார்த்தையால்தான் சொல்கிறார். அவர் வாயில் அது சிதைந்து வருவதால் கேட்பவர்களுக்குப் புரிவதில்லை. அந்தச் சிதைந்த இங்கிலீஷை மறுபடி இங்கிலீஷாக்குவது எப்படி? அங்கே கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். மீட்டர் கேஜ் வண்டியிலிருந்து பிராட் கேஜுக்கு மூட்டை மாற்றிய காலத்தை மூத்த தோழர்கள் சொல்வார்கள். ஒன்றிரண்டு மூட்டை கிழியும். அதற்காகச் சரக்கை அனுப்பாமல் விட்டார்களா?

சொக்கநாதர் கோயிலில் ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படிக்க ஆராய்ச்சியாளர் வேண்டும். நம் வீட்டுத் தமிழ்ப் பத்திரிகையைப் படிக்கவுமா ஆராய்ச்சியாளர்? கன்னடமும் இங்கிலீஷும் படிக்கும் பிள்ளைகளிடம் கோபித்துப் பயனில்லை. தமிழ் எழுத்தை நாம்தான் சொல்லித்தரவில்லை.

ஆகவே தமிழ்ப் பிரதியும் இங்கிலீஷ் பிரதியும் சேர்த்தே வாங்குவோம். ஞாயிறு மாலை ஒருவர் தமிழில் உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகள் இங்கிலீஷ் பிரதியை வைத்துக்கொண்டு கேட்கட்டும். எங்கே இடிக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதமே கட்டினால் இரண்டு புத்தகத்துக்கும் பணம் போதும்.