கொழுந்துத் தராசும் பிள்ளைத் தராசும்

(உடப்புசல்லாவையில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்து எழுதினால் நாம் சும்மா இருப்பதில்லை. அந்த இடத்திலேயே கேட்கிறோம். கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும் தராசையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அதுதான்.

இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் 40க்கும் குறைவு. மருத்துவ மாதுமாரும் ஆஸ்பத்திரிகளும் இதற்குக் காரணம். கணக்கும் ஒரு காரணம். ஒரு தாய் இறந்தால் ஏன் என்று விசாரிக்கிறார்கள். வீட்டிலிருந்து புறப்படத் தாமதமா, வாகனம் கிடைக்காத தாமதமா, ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கத் தாமதமா? பிழை எங்கே என்று தெரிந்தால்தான் திருத்தலாம்.

ஆனால் நாட்டின் சராசரிக் கணக்கில் நாம் மறைந்துவிடுவோம். 2016இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஓர் ஆய்வு செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை! தோட்டத்தைத் தனியாக எண்ணியதால்தான் இது வெளியே வந்தது.

"தோட்டத்துப் பிள்ளைகள் பரம்பரையிலேயே குள்ளம்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2006-07 ஆய்வில் தோட்டப்புறக் கணக்கு 40.2 சதவீதம். பத்து வருடத்தில் பரம்பரை மாறாது. சாப்பாடும் கவனிப்பும் மாறினால் பிள்ளை வளரும்.

அதனால் வீட்டில் செய்ய வேண்டியது இது. கர்ப்பம் என்று தெரிந்தவுடன், எட்டு வாரத்துக்குள் மருத்துவ மாதுவிடம் பதியுங்கள். இரத்தம் சோதித்தால் எத்தனை என்று கேளுங்கள். 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. பிறக்கும் பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவு. கிளினிக் கொப்பியில் பிள்ளையின் கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தால், அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் காரணம் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வாசித்துக் காட்டட்டும்.

சங்கம் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு டிவிசனிலும் எத்தனை பேர் கர்ப்பிணிகள், எத்தனை பிள்ளைகள் எடை குறைவு என்று மாதந்தோறும் கேட்க வேண்டும். பெயர் வேண்டாம், அது அந்தக் குடும்பத்தின் சொந்த விசயம். எண்ணிக்கை போதும். ஒரு டிவிசனில் மட்டும் கணக்கு மோசமானால் அங்கே தண்ணீரா, பிள்ளைக் காம்பராவா, ஆஸ்பத்திரிக்குப் போக வாகனமா, எது குறை என்று தேடலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் 12 வாரப் பிரசவ விடுமுறை உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. அவை உண்மையில் கிடைக்கின்றனவா என்பதையும் எண்ணுவோம்.

"எங்கள் பிள்ளைகள் மெலிந்து போகிறார்கள்" என்று துரையிடம் சொன்னால் அனுதாபம் கிடைக்கும். "இந்த டிவிசனில் இத்தனை பேரில் இத்தனை பேர்" என்று தாளை வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு மாதர் தலைவியும் அந்தத் தாளோடு வாருங்கள்.