மலிவான இறுக்கிகளும் வீட்டு மரவேலையும்

மரத்துண்டுகள் இரண்டைப் பசையிட்டுச் சேர்ப்பது எளிது. பசை காயும் வரை அவற்றை அசையாது நிறுத்தி வைப்பதே அரிது. இருக்கும் இரண்டு கைகளைக் கொண்டு ஒரு பலகையை ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்திருக்க எவராலும் இயலாது. அந்நேரத்தில் மூன்றாவது கையாக நின்று உதவுவது கிளாம்ப் எனும் கருவி. தமிழில் இதனை இறுக்கி எனலாம். சொற்களை மொழிவிட்டு மொழி பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு அச்சொல்லின் மீது பற்று உண்டு. எனினும் தில்லிக் கடைவீதியில் அதனைச் சொல்லிப் பயனில்லை. கிளாம்ப் என்றோ, முதிய தச்சரிடமாயின் ஷிக்கஞ்சா என்றோ கேட்டல் வேண்டும்.

தில்லியிலும் நாகபுரியிலும் போபாலிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், ஊரிலிருந்து கொண்டுவந்த மரப்பொருள் ஒன்றிரண்டேனும் இருக்கும். பலாமரத்து மணை, பல்லாங்குழிப் பலகை, நவராத்திரிக் கொலுப்படி என அவை பலவகை. கடற்கரை ஈரக்காற்றில் பல்லாண்டு பழகிய மரம், உள்நாட்டின் வறண்ட கோடையில் தன் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. மரம் தன் இழையின் நீளப்போக்கில் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்குவாட்டில் சுருங்குவதே மிகுதி. ஆதலால்தான் மணை நீளவாட்டில் பிளக்கிறது. படிச்சட்டத்தின் கழுந்து தன் தொளைக்குள் தளர்ந்து ஆடுகிறது. பாட்டி அமர்ந்திருந்த மணைக்கு ஈடாக வேறொன்றை எந்தக் கடையிலும் வாங்கவியலாது. பிளந்த மணையில் ஆணி அடிப்பவர் பலர். ஆணி ஆப்பைப் போல் இழைகளுக்கிடையே புகுந்து பிளவை மேலும் விரிக்கும். இழைப்போக்கில் பிளந்த மரத்தின் இரு முகங்களும் ஒன்றோடொன்று நன்கு பொருந்துவன. தூசியும் எண்ணெயும் அகற்றிப் பசையிட்டு இறுக்கினால் உறுதியாகச் சேரும்.

இதற்கு விலையுயர்ந்த அயல்நாட்டுக் கருவி வேண்டுவதில்லை. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்கள் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. கடைகளில் எளிய விலையில் கிடைக்கும் இறுக்கிகளில் நமக்கு வேண்டுவன இருவகை. ஒன்று ஆங்கில ஜி எழுத்தின் வடிவுடையது. மற்றொன்று நீண்ட இரும்புப்பட்டையின்மேல் ஒரு கரம் நகரும் எஃப் வடிவுடையது. ஜி வடிவத்தை வாங்கும்போது அதன் உள்வளைவை உற்று நோக்குக. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்குவதில் வலிமை குன்றியது. திருகை முறுக்கும்போது இழுவிசை உள்வளைவிலேயே விழுகிறது. அங்கே சிறு கீறலோ காற்றுக்குமிழியின் குழியோ இருப்பின், இறுக்கி அவ்விடத்தில்தான் முறியும். திருகு கோணாமல் ஓடுகிறதா, இரு வாய்களும் நேர்நேராகச் சந்திக்கின்றனவா என்பவற்றையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

வாங்கி வந்தபின் ஒரு மாலைப்பொழுதை அவற்றைச் சீர்செய்வதில் செலவிடலாம். எஃப் வடிவ இறுக்கியின் பெருங்குறை நழுவுதல். திருகு இறுகும்போது நகரும் கரம் சற்றே சாய்ந்து, தன் தொளையின் விளிம்புகளால் பட்டையைக் கவ்வுகிறது. அக்கவ்வலே அதன் பிடிப்பு. புதுக்கருவியின் பட்டையில் துருப்பிடியாமல் இருக்கத் தடவிய எண்ணெய் இக்கவ்வலைக் கெடுக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து உலர்த்தி, பட்டையின் குறுகிய ஓரங்களில் முக்கோண அரத்தால் மெல்லிய குறுக்குக் கீறல்கள் இட்டால், நழுவல் பெரும்பாலும் நின்றுவிடும். திருகின் புரிகளைப் பழைய பல்துலக்கியால் தூய்மை செய்து, எண்ணெய்க்கு மாற்றாக மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். எண்ணெய் மரத்தூளைச் சேர்க்கும். மரத்தில் பட்டால் அவ்விடத்தில் பசையும் பிடியாது, மெருகும் ஏறாது. வாய்களில் தோல்துண்டையோ ஒட்டுப்பலகைத் துண்டையோ ஒட்டிவிட்டால் மரத்தில் தழும்பு விழாது. வழுக்கும் கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுவதே போதும்.

கைப்பிடியில் கம்பியைச் செருகி நெம்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை நாம் ஏற்பதில்லை. மிகுந்த வலிமையால்தான் மூட்டு மூடுகிறதெனில், குறை இறுக்கியினுடையதன்று, மூட்டினுடையது. அங்ஙனம் வலிந்து வளைத்துச் சேர்த்த மரம் தன் பழைய நிலைக்கு மீளவே எந்நாளும் முயன்றுகொண்டிருக்கும். ஆகவே பசை தொடுமுன் வெறுமனே ஒருமுறை பொருத்தி, இறுக்கிகளை மாட்டிப் பார்த்தல் நன்று. கையழுத்தத்திலேயே இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். மறையாவிடில் உளியையோ இழைப்புளியையோ எடுக்கும் வேளை அது. இங்ஙனம் பொருந்திய மூட்டுக்கு மலிவான இறுக்கியின் வலிமை தாராளமாகப் போதும்.

இறுக்கியின் அழுத்தம் மரத்தினுள் ஒரு புள்ளியில் நில்லாது, விசிறிபோல் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் விரிகிறது. எனவே இறுக்கிக்கும் மணைக்கும் இடையே இரண்டு அங்குல அகலமுள்ள நேரான கட்டையொன்றை வைத்தால், அழுத்தம் நெடுந்தூரம் பரவும். நான்கு இறுக்கிகள் செய்யும் வேலையை இரண்டே செய்யும். பலகைகளை அகலவாட்டில் சேர்க்கும்போது, ஓர் இறுக்கியை மேற்புறமும் அடுத்ததைக் கீழ்ப்புறமுமாக மாற்றி மாற்றி மாட்டுதல் வேண்டும். எல்லாம் ஒரே புறத்தில் இருந்தால் பலகை வில்லாக வளையும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாளையும் இடலாம்; ஈரப்பசையும் இரும்பும் சேருமிடத்தில் சிலவகை மரங்களில் கருங்கறை படியும்.

இறுக்கியே இல்லையெனினும் வழியுண்டு. ஒரு தடித்த பலகையின்மேல் இரண்டு சட்டங்களை ஆணியடித்து, அவற்றினிடையே மணையைக் கிடத்தி, எஞ்சும் இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி மாறிமாறித் தட்டலாம். மணை மேலெழாதிருக்க அம்மிக்குழவியைப் போன்ற பாரம் ஒன்றை ஏற்றிவைக்க வேண்டும். ஆடும் நாற்காலிக் கால்களுக்குக் கயிறே போதும். இரட்டையாகச் சுற்றிய கயிற்றினிடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சியைச் சட்டத்தில் தடுத்து நிறுத்திவிடலாம். நம் ஊர் வண்டிச் சக்கரமும் இத்தகைய இறுக்கத்தால் ஆனதே. பழுக்கக் காய்ச்சிய இரும்புப்பட்டை சக்கரத்தின்மேல் மாட்டப்பட்டு, நீரூற்றிக் குளிர்விக்கையில் சுருங்கி, ஆரக்கால்களையும் வட்டைகளையும் ஒன்றாக நெருக்கிப் பிடிக்கிறது.

பசையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். முன்னாளில் தச்சர் வச்சிரத்தைக் காய்ச்சிச் சூட்டோடு பூசி, அது ஆறுமுன் விரைந்து இறுக்கினர். 1959 இல் வெளிவந்த ஃபெவிகால் போன்ற வெண்பசைகள் அவ்விரைவைப் பெரிதும் குறைத்தன. எனினும் வடநாட்டுப் பருவங்களை நாம் மறத்தலாகாது. கோடையில் அனற்காற்று வீசும் நண்பகலில், பூசிய பசை சில நிமிடங்களிலேயே ஆடை படர்ந்துவிடும். அதிகாலையே ஏற்ற வேளை. மாறாகத் தில்லியின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழிறங்குவதுண்டு. அக்குளிரில் வெண்பசை சுண்ணாம்புபோல் வெளுத்து வலிவிழக்கும். ஆதலின் பால்கனியில் வேலை செய்தாலும், இறுக்கிய மணையை இரவில் அறைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப்பின் இறுக்கியைக் கழற்றலாம். ஒரு முழுநாள் கழியும்வரை அதன்மேல் எவரும் அமர்தல் கூடாது.

இறுக்கும்போது விளிம்பில் பசை சிறு மணிகளாகப் பிதுங்கி வரிசையாய் நிற்கும். எங்கும் போதிய அளவு பரவியமைக்கு அதுவே அடையாளம். அதனை ஈரத்துணியால் உடனே துடைப்பவர் பசையை இழைகளுக்குள் தேய்த்துவிடுகின்றனர். பின்னர் அவ்விடத்தில் மெருகு ஏறாது திட்டுத் திட்டாகத் தெரியும். அரை மணி நேரம் விட்டு, பசை ரப்பரைப் போல் ஆனதும் பட்டை உளியால் நெம்பினால், அது நாடாபோல் ஒரே நீளமாகக் கழன்று வரும்.