எரிந்த மரமும் எரியாத அளவும்

இம்மாநாட்டின் அமர்வுகளில் அரண்மனை, பௌத்தக் கோயில், அடுக்குக் கோபுரம், நெடுஞ்சுவர் என்று சீனத்தின் புகழ்பெற்ற கட்டடங்கள் ஒவ்வொன்றாக ஆராயப்படவிருக்கின்றன. இத்தகைய ஆய்வுரைகள் வழக்கமாக ஓர் ஆண்டைச் சொல்லித்தான் தொடங்கும். பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம் 1420, சொர்க்கக் கோயில் 1420, வூஹானின் மஞ்சள் கொக்குக் கோபுரம் 223 என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம். அந்த ஆண்டு எதன் ஆண்டு என்று நின்று கேட்பதில்லை. இன்று நாம் பார்க்கும் தூணும் விட்டமும் அந்த ஆண்டைச் சேர்ந்தவையா, இல்லையென்றால் எந்த உரிமையில் அந்த ஆண்டை அவற்றின்மேல் எழுதுகிறோம்? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் சீனக் கட்டடக் கலையின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் துணிபு. மரத்தால் கட்டும் மரபில் பெருங்கட்டடம் ஒன்றுக்கு ஒரே பிறந்த ஆண்டு பெரும்பாலும் இருப்பதில்லை. அது அடுத்தடுத்து நிகழ்ந்த பல கட்டுதல்களின் வரிசை. அந்த வரிசையைக் கோத்து வைத்திருப்பது கட்டியவர்களிடமிருந்த அளவு முறை. வரிசை முழுவதையும் படித்தால்தான் கட்டடத்தைப் படித்ததாகும்.

தடைசெய்யப்பட்ட நகரத்தின் நடுநாயகமான பேரிணக்க மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். மிங் வமிசத்து யோங்லெ பேரரசர் 1406இல் தொடங்கி 1420இல் முடித்த அரண்மனையில், அரியணை மண்டபம் திறந்த சில மாதங்களுக்குள் 1421இல் எரிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெறும் மேடையாகக் கிடந்து 1441இல் மீண்டும் எழுந்தது. 1557இல் எரிந்தது, 1597இல் எரிந்தது, சிங் வமிசக் காலத்தில் 1679இல் மறுபடியும் எரிந்தது. இன்று நிற்பது காங்சி பேரரசர் காலத்தில், 1695 முதல் 1697 வரை கட்டியது. முதல் மண்டபத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய 275 ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் எல்லாமே அப்படியே இருந்துவிடவில்லை. முதல் மண்டபம் இதைவிடப் பெரியது என்பது மிங் ஆவணங்களிலிருந்து தெரிகிறது. தென்மேற்குக் காடுகளிலிருந்து வந்த நன்மு என்னும் உயர்ந்த மரம் அருகிப்போனதால் காங்சியின் தச்சர்கள் பைன் மரத்துக்கு மாறினார்கள். மண்டபத்தின் இருபுறமும் தீயைக் கடத்திவந்த மரத் தாழ்வாரங்களை நீக்கிவிட்டு அங்கே தீத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். ஆக, நாம் வியந்து பார்க்கும் அந்த முகப்பின் பக்கத்தோற்றம் முன்னே எரிந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. இதை 1420 என்ற ஒற்றை எண் சொல்லுமா? சொர்க்கக் கோயிலின் அறுவடை வேண்டுதல் மண்டபமும் இப்படித்தான். 1420இல் அங்கே கட்டப்பட்டது நீள்சதுர மண்டபம். வட்ட வடிவமும் மூன்றடுக்குக் கூரையும் 1545இல் வந்தவை. மூன்று அடுக்கும் ஒரே நீல ஓடாக மாறியது 1751இல். 1889இல் இடி விழுந்து எரிந்தபின் எழுப்பியதே இன்றைய மண்டபம். நடுவில் நான்கு தூண், அவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு, வெளியே பன்னிரண்டு. பருவங்களையும் மாதங்களையும் பகலிரவின் பன்னிரண்டு பொழுதுகளையும் குறிப்பதாகச் சொல்லும் அந்த 28 தூண்களும் ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டே ஆன மரங்கள்.

மரம் போனபிறகும் மண்டபம் திரும்ப வருவது எப்படி முடிந்தது என்பதுதான் நம் ஆய்வுக்கு உரிய பொருள். விடையின் பெரும்பகுதி சோங் வமிசத்து அதிகாரி லி ஜியே தொகுத்து 1103இல் அச்சான யிங்சாவ் ஃபாஷி என்னும் கட்டட விதிநூலில் இருக்கிறது. அழகியல் பேசுவதற்காக அந்நூல் எழுதப்படவில்லை. அரசாங்க வேலைகளில் மரமும் கூலியும் களவு போவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதனால்தான் அது இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. கூரையைத் தாங்கும் கட்டைகளின் குறுக்குவெட்டையே அது அடிப்படை அளவாகக் கொள்கிறது. கட்டையின் உயரம் 15 பங்கு, அகலம் 10 பங்கு. இந்தக் கட்டை எட்டுத் தரங்களில் வரும். முதல் தரத்துக்கு உயரம் ஒன்பது சீன அங்குலம், அகலம் ஆறு. எட்டாம் தரத்துக்கு நாலரையும் மூன்றும். ஒன்பது முதல் பதினோரு அங்கணம் வரை விரியும் பெருமண்டபத்துக்கு முதல் தரம், சின்னஞ்சிறு மண்டபத்துக்குக் கடைசித் தரம். தரத்தை முடிவு செய்துவிட்டால் விட்டம், கை, இறவாரம் எல்லாம் அந்தப் பங்கின் மடங்குகளாகத் தாமே அமையும். எத்தனை மரம், எத்தனை ஆள்நாள் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். 1734இல் சிங் அரசு வெளியிட்ட விதிநூல் வேறொரு அடிப்படை அளவைப் பதினோரு தரங்களாகப் பகுத்துக்கொண்டாலும் சிந்தனை அதேதான். 1695இல் பேரிணக்க மண்டபத்தை எழுப்பும் பொறுப்பை ஏற்ற மூத்த தச்சர் லியாங் ஜியூ, முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் மரத்தால் ஒரு மாதிரி செய்தார். அதை அளந்து பெரிதாக்கி வேலை நடந்தது. அளவுக்கு வந்த பயன் இது. மண்டபம் எரியலாம், ஆனால் பங்குக் கணக்கு தச்சர் கையில் இருக்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தாங் வமிசக் காலத்திலிருந்து சிங் காலம்வரை ஒரே முறை தொடர்ந்தது என்பது கட்டுக்கதை, வடிவங்கள் அடியோடு மாறிவிட்டன என்பார்கள். மாறியது உண்மை. வூதாய் மலைப்பகுதியிலுள்ள, தாங் காலத்து ஃபோகுவாங் கோயிலின் கீழை மண்டபத்தில், தூணின் தலையில் அமர்ந்து இறவாரத்தைத் தாங்கும் கட்டைத்தொகுதி, நம் கோயில் தூண்களின் போதிகையைப் போலச் சுமைதாங்கும் உறுப்பு, தூணின் உயரத்தில் பாதிக்கு நிற்கிறது. கூரையின் பாரம் அதன் கைகள் வழியே இறங்குவதைக் கண்ணாலேயே தொடரலாம். பெய்ஜிங் மண்டபத்திலோ அத்தொகுதிகள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, இறவாரத்தின் அடியில் ஓர் அணிவரிசையாகிவிட்டன. ஆனால் இந்த மாற்றத்தை நாம் அறிந்தது எப்படி? இரு காலத்துக்கும் பொதுவான ஓர் உறுப்பும் அதை அளக்கும் பங்கும் இருப்பதால்தான் எது சிறுத்தது, எவ்வளவு சிறுத்தது என்று சொல்ல முடிகிறது. தொடர்ச்சி என்றால் மாறாமை என்று பொருள் கொண்டால் மறுப்பு செல்லும். ஒரு தலைமுறை தன் முன்னோரின் அளவை எடுத்துக்கொண்டு அதில் கைவைத்தது என்று கொண்டால், மாற்றமே தொடர்ச்சிக்குச் சான்றாகிறது.

அடுத்த மறுப்பு இதைவிட ஆழமானது. அளவே எல்லாம் என்றால் பழைய மரத்தைக் காப்பானேன், பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாமே? இந்த முடிவுக்கு என் வாதம் இட்டுச்செல்லுமானால் நானே அதைக் கைவிடுவேன். சீனாவில் தாங் காலத்து மரக்கட்டடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று ஜப்பானிய அறிஞர்கள் கருதியிருந்த காலம் ஒன்று உண்டு. 1937 கோடையில் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்களான லியாங் சிசெங்கும் லின் ஹுய்யினும் தோழர்களும் ஃபோகுவாங் கோயிலுக்குப் போனார்கள். பரணில் வௌவால் கூட்டமும் தூசியும் அடைந்துகிடந்தன. விட்டத்தின் அடிப்பக்கத்தில் மங்கிய மையெழுத்து இருப்பதை முதலில் கண்டவர் லின் ஹுய்யின். அழுக்கைக் கழுவிப் படித்தபோது நிங் கோங்யு என்ற பெண் கொடையாளியின் பெயர் தெரிந்தது. அதே பெயர் வாசலில் நிற்கும் கல்தூணிலும் இருந்தது. கல்தூணின் ஆண்டு 857. விட்டம் மாற்றப்பட்டிருந்தால் கோயில் இருந்திருக்கும், நிங் கோங்யு இருந்திருக்கமாட்டார். அளவிலிருந்து வடிவத்தை மீட்கலாம், ஒரு மனுஷியின் கொடையை மீட்க முடியாது. பழைய மரம் ஓர் ஆவணம். எரிந்துபோனதை மீண்டும் கட்டுவதற்குக் காரணம் உண்டு, நிற்பதைப் பிரிப்பதற்கு அது காரணமாகாது. அருகிலேயே 782ஆம் ஆண்டைச் சேர்ந்த நான்சான் கோயில் இருக்கிறது. 1974-75 திருப்பணியில் பிற்காலச் சேர்க்கைகளை அகற்றி, தாங் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கணித்த வடிவத்துக்கு அதன் இறவாரத்தைக் கொண்டுபோனார்கள். கணிப்பு நல்ல அறிவோடு செய்யப்பட்டதுதான். ஆயினும் இடையில் கழிந்த நூற்றாண்டுகளின் சாட்சியத்தை அது அழித்துவிட்டது. வரிசையின் முதல் கண்ணியை மட்டும் மதித்ததன் விளைவு அது. 1056இல் எழுந்து 67 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் யிங்சியான் மரக்கோபுரம் இன்று சாய்ந்திருக்கிறது. பிரித்துக் கோக்கலாமா, தூக்கி நிறுத்தலாமா, அப்படியே முட்டுக்கொடுக்கலாமா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக முடியாததில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தயக்கம் பொறுப்பிலிருந்து வருவது.

அப்படியானால் சிமெண்டில் எழுப்பிய கோபுரங்களும் இந்த வரிசையில் சேருமா என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் கொக்குக் கோபுரம் 1884இல் எரிந்தது. பழைய இடத்தை 1957இல் யாங்சி பாலம் எடுத்துக்கொண்டதால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி 1985இல் கான்கிரீட்டில் அதைக் கட்டி முடித்தார்கள். உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. அதன் இறவாரக் கட்டைகள் எதையும் தாங்கவில்லை, வடிவத்துக்காக ஒட்டப்பட்டவை. அளவு முறை அங்கே வேலை செய்யாததால் நான் அதைக் கட்டுதல்களின் வரிசையில் சேர்க்கமாட்டேன், ஒரு நினைவுச்சின்னமாக மட்டுமே ஏற்பேன். ஹாங்சோவில் 1924இல் இடிந்த லெய்ஃபெங் கோபுரத்தை 2002இல் எஃகிலும் செம்பிலும் எழுப்பியவர்கள் ஒரு நேர்மையைக் காட்டினார்கள். பழைய செங்கல் இடிபாட்டை அடித்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே காட்சிக்கு வைத்தார்கள். எது பழையது, எது புதியது என்று வருபவருக்குத் தெரிகிறது. நெடுஞ்சுவரின் லியாவ்னிங் பகுதி ஒன்றில் சுவரின் மேற்பரப்பை மொழுமொழுவென்று பூசிமறைத்த செய்தி 2016இல் வெளிவந்தபோது சீன மக்களே கொதித்தார்கள். பழங்கட்டடப் பாதுகாப்புக்கான நெறிகளில், 1964இன் வெனிஸ் சாசனம் பொருளின் மெய்ம்மையை முன்வைத்தது, 1994இன் நாரா ஆவணம் மெய்ம்மையை ஒவ்வொரு பண்பாட்டின் அளவுகோலிலும் பார்க்கச் சொன்னது. இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாக்கி வாதாடுவது பயனற்றது. பொருள், முறை இரண்டில் எது அழிந்தது, எது மிஞ்சியது என்று ஒவ்வொரு கட்டடத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை மிகக் கூர்மையாகக் காட்டும் இடம் தமிழோடு தொடர்புடையது. 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சுவான்சோ துறைமுக நகரில், 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பப்பட்டதை அது சொல்கிறது, கடைசி வரி சீன மொழியில் இருக்கிறது. அக்கோயில் இன்று இல்லை. அந்நகரில் இருந்த இந்துக் கோயில் ஒன்றின் கற்கள், மிங் காலத்தில் காய்யுவான் பௌத்தக் கோயிலைப் புதுப்பித்தபோது அங்கே சேர்ந்தன. பெருமண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் நிற்கும் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கும் காட்சியும் கண்ணன் கதைகளும் வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருக்கின்றன. முன்மேடையின் அடியைச் சுற்றி 73 சிற்பப் பலகைகள் பதிந்துள்ளன. அதே வளாகத்தில் நிற்கும் இரட்டைக் கோபுரங்கள் முதலில் மரத்தில் கட்டப்பட்டு, 13ஆம் நூற்றாண்டில் கருங்கல்லில் எழுந்தவை. மரத்தில் செய்த தாங்குகட்டைகளையே கல்லிலும் செதுக்கிவைத்தார்கள். ஒரே முற்றத்தில் முறை மிஞ்சிப் பொருள் மாறிய கட்டடமும், பொருள் மிஞ்சி முறை சிதறிய கட்டடமும் எதிரெதிரே நிற்கின்றன.

அந்தக் கற்களை இதுவரை பெரும்பாலும் சிற்பங்களாகவே பார்த்திருக்கிறோம். கட்டட உறுப்புகளாக அவற்றை அளந்து, பட்டையும் கட்டும் கால்களும் எந்த விகிதத்தில் அமைந்தன, செதுக்கிய கைகள் சோழநாட்டு முறையை எவ்வளவு அறிந்திருந்தன, சீனக் கல்தச்சரின் வழக்கம் எங்கே நுழைந்தது என்று கேட்டால் மறைந்துபோன கோயிலின் ஒரு பகுதியையாவது தாளில் மீட்கலாம். அதற்கு யிங்சாவ் ஃபாஷி அறிந்தவரும் மயமதம் என்னும் நம் கட்டட நூலை அறிந்த ஸ்தபதியும் ஒரே அளவுகோலோடு அந்த முற்றத்தில் உட்கார வேண்டும். நிறைவு அமர்வில் அப்படியொரு கூட்டு அளவைப் பணிக்கான முன்மொழிவை அவையின் முன் வைக்க எண்ணியிருக்கிறேன். அதற்குள் ஒவ்வொரு ஆய்வுரையாளரும் தம் கட்டடத்துக்கு எழுதிய ஆண்டின் அருகில், அது எத்தனையாவது கட்டுதல் என்பதையும் குறித்துத் தரும்படி கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.