தண்டவாளத்தில் இரண்டு மின்சாரம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்று காலை திருச்சியிலிருந்து ரயிலில் வந்து திருமயத்தில் இறங்கினேன். நாம் படித்தபோது டீசல் வண்டிதான். இப்போது தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது.

அந்த மின்சாரம் இன்ஜினை ஓட்டிவிட்டு எங்கே போகிறது? தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. பல ஸ்டேஷன்களில் அதே தண்டவாளத்தில்தான் சிக்னல்காரர்களின் டிராக் சர்க்யூட்டும் இருக்கிறது. சில வோல்ட் டி.சி., ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்யும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். சரி, வண்டி நிற்கும்போதே இன்ஜின் மின்சாரம் அந்த ரிலேயைத் தூக்கிப் பிடித்துவிட்டால்? பின்னால் வருகிறவருக்குப் பச்சை விழும். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது!

அதனால்தான் ஏ.சி. பாதையில் டி.சி. டிராக் சர்க்யூட், அதிலும் ஏ.சி.க்கு அசையாத ரிலே. மும்பையில் 1,500 வோல்ட் டி.சி.யில் வண்டி ஓடிய காலத்தில் நேர் எதிர், அங்கே ஏ.சி. டிராக் சர்க்யூட். கம்பியில் மின்சாரம் விடுவதற்கு முன்பே இதையெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். மின்லைன் பக்கத்தில் தொலைபேசி லைன் போனால், தூண்டப்படும் வோல்டேஜ் வரம்பைத் தாண்டக் கூடாது என்று பார்ப்பதற்கே இரு துறையும் சேர்ந்த பி.டி.சி.சி. என்ற குழு இருக்கிறது. இ.எம்.சி. என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது இதுதான்.

நான் இதைப் புத்தகத்தில் கற்கவில்லை. ஒரு தொழிற்சாலை வேலை, பெயர் வேண்டாம். மோட்டார் டிரைவ் ஒரு கான்ட்ராக்டர், சென்சார் இன்னொருவர். கேபிள் டிரே மட்டும் ஒன்றே! டிரைவ் ஓடினால் பிரஷர் ரீடிங் தாறுமாறாக ஆடியது. சென்சாரை மாற்றினோம், கார்டை மாற்றினோம், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். மூன்று வாரம் போச்சு. ஒரு ராத்திரி டிரைவ்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. போட்ட கேபிளையெல்லாம் உருவித் தனி டிரேயில் போட்டோம். டிராயிங்கில் அது ஒரே ஒரு கோடு. அதில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இப்போது முதல் மீட்டிங்கிலேயே ஒரு தாள் சுற்றிவிடுகிறேன். உங்கள் கருவி எந்த அலைவரிசையில் சத்தம் போடும், எதற்குக் கலங்கும், எர்த் எங்கே? சிவில்காரரும் எழுத வேண்டும், அவருடைய கம்பிக்கட்டுதான் பாதி எர்த்! முணுமுணுக்கிறார்கள். எழுதாமல் விடமாட்டேன்.

சாயந்திரம் ஸ்டேஷனுக்குத்தான் போகிறேன். தம்பிகள் வந்தால் மின்கம்பங்களின் எர்த் இணைப்பைக் காட்டுகிறேன். பிளாட்பாரத்தில் நின்றே பார்க்கலாம், கீழே இறங்க வேண்டாம்.